நீ அப்பா, நான் மகன், நடுவில் ஒரு சைக்கிள்

மரண அறிவித்தல்.

கிளிநொச்சிக் கடையொன்றைப் பிறப்பிடமாகவும், அக்கராயனை வசிப்பிடமாகவும், ரியூப்புக்குப் பதில் வைக்கோலை உள்ளுறுப்பாகவும் கொண்ட திருவாளர் சைக்கிள் பின்சில்லு ரயர் அவர்கள் நேற்று மாலை கடமையிலிருக்கும்போதே காலமானார். அன்னார் காலஞ்சென்ற ரியூப்பின் அன்புக் கணவரும், முன்சில்லு ரயரின் பாசமிகு சகோதரரும், டைனமோவின் ஆருயிர்த் தோழருமாவார். இறுதிக் கிரியைகள் இன்று காலை உன் வீட்டு வேலியோரம் நடந்தேறின. மலர்வளையம் சாத்த விரும்புவோர் அதற்குப் பதிலாக ஒரு பழைய ரயரைச் சாத்தலாம். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொண்டாலும் சரி, கொள்ளாவிட்டாலும் சரி, போன ரயர் போனதுதான்.

குரல் எப்படி, மச்சான்? வானொலிக்காரர் மாதிரியே மூக்கால் இழுத்து வாசித்தேன். உன் பெயருக்கு இப்படியொன்று வானொலியில் போகவில்லை. அதற்கு ஒரு கடிதம் கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டும். வன்னியிலிருந்து ஒரு கடிதம் கொழும்பைக் காண்பதற்குள் செத்தவர் மறுபிறவி எடுத்து ஆனா ஆவன்னா படிக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே உனக்குச் சேரவேண்டியதையும் ரயருக்கே வாசித்து முடித்துவிட்டேன்.

கையில் இன்னும் அந்த வாசம் இருக்கிறது. டைனமோவின் தலை ரயரின் விலாவில் உரசி உரசி வரும் கருகல் வாசம். சவர்க்காரம் கிடைக்காத ஊரில் சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதே கையால்தான் இதை எழுதுகிறேன்.

ரயரைக் கொன்றவன் நான். கொல்லவைத்தவர் உன் அப்பா.

ஓம், உன் அப்பா வந்துவிட்டார். முதலாவதாகச் சொல்லியிருக்கவேண்டிய செய்தி இதுதான். ஆனால் எனக்கு எப்போதும் ரயர்தான் முந்தும். பன்னிரண்டு நாளாகிறது. பள்ளிக்கூடத்தில் பாஸ் பண்ணுவதைவிட, வன்னிக்குத் திரும்பி வர வவுனியாவில் ஆமிக்காரரிடம் பாஸ் எடுப்பது கஷ்டம் என்று நான் முன்பே சொன்னேன் அல்லவா. வயிற்றில் ஒப்பரேஷன் செய்ய இரண்டு கிழமை என்று போன மனுஷன், பாதை மூடப்பட்டதால் ஒன்றரை வருஷம் அங்கேயொரு முகாமில் பெயிலாகிக் கிடந்தார். நீ போன செய்தி கடிதத்தில் போய் மூன்று மாதம் கழித்து அவரைச் சேர்ந்திருக்கிறது. அழவேண்டியதை அங்கேயே அழுது முடித்திருப்பார் போல. வந்த அன்று பின்னேரம் சைக்கிளை இரட்டைக்கால் ஸ்ராண்டில் ஏற்றினார், றேடியோவைத் துடைத்தார், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, “வாப்பா, ஏறி மிதி” என்றார். ஏறினேன்.

மூன்றாம் நாள், றேடியோக் குமிழைத் திருகியபடியே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“என் புள்ள என்னய மாதிரி நடிச்சானாமே?”

“ஓம் மாமா.”

“நடுவுல மறந்து நின்னுட்டானாமே. நீதான் காப்பாத்துனியாமே.”

இருபது வருஷம் வன்னியில் வயல் செய்தும் உன் அப்பாவின் நாக்கு இன்னும் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கவில்லை. நான் சொன்னேன். எனது புகழ்பெற்ற கதையைச் சொன்னேன். இந்த ஊரில் அதைக் கேளாதவை கைக்குழந்தைகளும் மாடுகளும் மட்டுமே. மாடுகளிலும் இரண்டு கேட்டிருக்கின்றன. எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலைத் தாழ்த்தவேண்டும், எங்கே கையை விரிக்கவேண்டும் என்று எல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறேன். அவர் கேட்டார், தலையை ஆட்டினார், அடுத்த நாளும் கேட்டார். நாலாவது தரம் சொல்லும்போதுதான் கவனித்தேன். நான் காப்பாற்றிய இடத்தை அவர் கேட்பதில்லை. நீ பேசாமல் நின்ற இடத்தில் மட்டும் அவருடைய கை குமிழிலிருந்து எடுபட்டுவிடுகிறது.

அதனால் உனக்கு இதை எழுதவேண்டி வந்தது.

உன்னை முதன்முதல் கண்டபோதும் நீ அந்தச் சைக்கிளில்தான் இருந்தாய். எங்களை ‘இடம்பெயர்ந்தோர்’ என்று பதிந்துகொண்டிருந்த காலம். அது பிழையான சொல். இடம் எங்கேயும் பெயரவில்லை, அது யாழ்ப்பாணத்தில் அப்படியேதான் இருக்கிறது. பெயர்ந்து வந்தவர்கள் நாங்கள். உன் வீட்டுக்குப் பக்கத்துக் காணியில் கொட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், ஒரு பொடியன் வியர்த்து வடிய மிதிக்கிறான், சைக்கிள் ஓரங்குலம் நகரவில்லை. பக்கத்தில் ஒரு மனுஷன் சின்னிவிரலைக் காதுக்குள் விட்டுக்கொண்டு ஒரு பெட்டிக்கு மேல் குனிந்திருக்கிறார்.

“எங்கை போறீர்?” என்று கேட்டேன்.

“ஜப்பானுக்கு” என்றாய் நீ.

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“அப்பாவைக் கேளும். நான் டிரைவர். வழி அவருக்குத்தான் தெரியும்.”

அவர் கையை உயர்த்தி எங்கள் இருவரையும் அடக்கினார். “பொறு, வருது” என்றார். வந்தது. சாக்குக்குள் பூனையைப் போட்டு இழுப்பது போல ஒரு சத்தம். நீங்கள் இரண்டு பேரும் கோயிலில் திரை விலகியதுபோல நின்றீர்கள்.

வன்னிக்குள் பற்றரி வராது, மின்சாரம் கிடையாது. ஆகவே ஊர் முழுக்க டைனமோ வயரை றேடியோவில் கொழுவித்தான் செய்தியும் பாட்டும் கேட்டது. உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் வேறு விசர். சிற்றலையில் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பது. ஒரு சொல்லும் விளங்காது. என்ன பாஷை, எந்த நாடு என்று மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். பிடிபட்டதை ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் பிடித்தவரின் அடையாளம் வைப்பீர்கள். அப்பா பிடித்தால் ‘அ’, மகன் பிடித்தால் ‘ம’. கால் நின்றால் றேடியோவும் நிற்கும் என்பதால் இது ஒற்றை ஆளாகச் செய்கிற வேலையே இல்லை. ஒருவர் மிதிக்க, மற்றவர் பிடிக்க வேண்டும். சண்டையெல்லாம் குமிழுக்குத்தான். மிதிக்கும் இடத்துக்கு எந்த நாளும் போட்டி இருந்ததில்லை.

“துருக்கி.”

“இல்லப்பா, அரபு.”

“நான் பெத்தவன். நான் சொல்றேன், துருக்கி.”

“பெத்தது என்னைத்தானே, துருக்கியை இல்லையே.”

உன் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, “ரெண்டு பேருக்கும் தமிழே ஒழுங்கா வராது” என்பா. அதோடு அரபு துருக்கி இரண்டும் அடங்கும்.

உன் அப்பா வவுனியாவுக்குப் போகும்போது, “ரெண்டு கெழமதான். அதுக்குள்ள ரஷ்யாவ ஒழுங்காப் பிடிச்சு வை” என்றார். பாதை மூடியபின் நீ அதைத் தனியாகச் செய்து பார்த்தாய். ஆவேசமாக மிதிப்பாய், குதித்து இறங்குவாய், சில்லு சுற்றி ஓய்வதற்குள் ஓடிப்போய்க் குமிழைத் திருகுவாய். இரண்டு கொட்டாவி நேரம்கூட றேடியோ பேசாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கிழமை சிரித்தேன். எட்டாம் நாள் நீ வேலிக்கு மேலால் தலையை நீட்டினாய்.

“மிதிக்கிறதுக்கு மட்டும் வா. வாயை வீட்டில வைச்சிட்டு வா.”

காலோடு வாயும் வந்தது. அது உனக்குத் தெரிந்ததுதான்.

பத்து மாதம் மிதித்தேன், மச்சான். கொப்பியில் ‘ம’ ‘ம’ என்று நீ எழுதிக்கொண்டே போனாய். ‘அ’ இருக்க வேண்டிய பக்கங்களில் ஒன்றும் எழுதவில்லை. மிதித்தவனுக்கு ஓர் எழுத்து வேண்டும் என்று நான் கேட்டபோது, “கழுதைக்குக் ‘க’ போடட்டோ?” என்றாய். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் நாடகம். சனசமூக நிலையத்து ஆண்டுவிழாவுக்கு நாடகம் வேண்டுமென்று தலைவர் அறிவித்தார். தலைவர் என்றால் இளைப்பாறிய கிளாக்கர், நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப்பையில் மூன்று பேனை. நீ ஆறு நாளில் எழுதினாய். அப்பாவுக்கு அறுபது வயது, மகனுக்கு முப்பது. மகன் உத்தியோகம் பார்க்கிறான், பின்னேரம் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மிதிக்கிறான், அப்பா பிடிக்கிறார், சண்டை பிடிக்கிறார்கள்.

“கதை எங்கை?” என்று கேட்டேன்.

“இதுதான் கதை.”

“ஒருத்தரும் சாகேல்லையோ?”

“இல்லை.”

“கலியாணம்?”

“இல்லையடா. முப்பது வயசிலையும் நாங்கள் இப்பிடித்தான் இருப்பம். அப்பாவுக்குக் கொஞ்சம் காது கேக்காது. எனக்கு வயிறு கொஞ்சம் வண்டி வைச்சிருக்கும். மற்றதெல்லாம் அதே சண்டை.”

உனக்கு அப்போது பதினேழு. இன்னும் பதின்மூன்று வருஷத்துக்கு வேண்டிய சண்டையை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தாய். பெயர் ‘பொறு, வருது’. அப்பாவாக நீதான் நடிக்கவேண்டும். அந்த நடை வேறொருவருக்கும் தெரியாது. ஆகவே நீயாக நான் நடிக்கவேண்டி வந்தது. நான் நானாகவே ஒழுங்காக நடந்துகொள்ளாதவன் என்பது தலைவரின் கருத்து.

அதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் வாசிகசாலைச் சுவருக்குப் பின்னால் நின்று, தலைவரின் குரலில், “இன்றைய பொதுக்கூட்டம் தவிர்க்கமுடியாத காரணங்களால் ஒத்திவைக்கப்படுகிறது, அன்பர்கள் கலைந்து செல்லவும்” என்றேன். அன்பர்கள் கலைந்து சென்றார்கள். தலைவர் வந்து வெறுங்கதிரைகளுக்கு வணக்கம் சொன்னார். அதன்பிறகு அவர் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னதை நீயும் கேட்டாய்.

“இன்னுமொரு குழப்பம் உன்னால வந்தால் மேடையும் இல்லை, வாசிகசாலைப் படியும் இல்லை. விளங்கிச்சோ?”

“விளங்கினது ஐயா.”

“என்ர குரலில சொல்லாதை.”

நாடகத்தின் முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. மகன் மேடையின் முன்னால் வந்து, சிக்கனத்தைப் பற்றியும் சைக்கிளால் உடலுக்கு விளையும் நன்மைகளைப் பற்றியும் ஒரு பக்கம் பேசவேண்டும் என்று தன் மூன்று பேனையில் ஒன்றால் எழுதித் தந்தார். விழாவுக்கு முதல் நாள் வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து நீ அந்தப் பக்கத்தை மடித்துக் கப்பல் செய்தாய்.

“அவருக்குச் சொல்லாதை. நாளைக்கு வேற மாதிரி முடிப்பம்,” என்றாய். “அப்பா எழும்பி வந்து சைக்கிளில தானே ஏறி இருக்கிறார். கையால மகனுக்கு றேடியோவைக் காட்டுறார், நீ போய்ப் பிடி எண்டு. அவ்வளவுதான். பிறகு ஒரு வசனம். திரை.”

குமிழை ஒருநாளும் விட்டுக்கொடாத மனுஷன் மிதிக்கிற இடத்தில் போய் இருக்கிறார். அந்த முடிவு நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அந்த வசனமும் அப்படியே.

உனக்கு அந்த நாடகத்தில் பார்வையாளர் ஒரே ஓராள்தான் என்பதையும் எனக்கு மட்டும்தான் தெரியும். உன் அம்மா. பாதை மூடிய நாளிலிருந்து அவா கோயிலுக்கும் போகவில்லை, கிணற்றடியில் கதைப்பதுமில்லை. நீ கூப்பிட்டபோது சுளகிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“என் புருசன ஊருக்கு முன்னால கூத்தாடிக் காட்டப் போறியா? நான் வரல.”

“கூத்து இல்லம்மா. அவர் நடந்து வருவாரு, அவ்வளவுதான். ஒருக்கா பாத்துட்டு வந்துரு.”

அவா சுளகைத் தட்டிப் புடைக்கத் தொடங்கினா.

விழா பின்னேரம் நாலு மணிக்கு. மண்ணெண்ணெய் செலவில்லாமல் சூரியன் இருக்கும்போதே கலையை வளர்ப்பது நம் ஊர் வழக்கம். பங்கருக்கு அடுக்க வைத்திருந்த பனங்குற்றிகள்தான் மேடை, நாலு வீட்டுச் சேலைகள் திரை. எனக்குச் சிரட்டைக்கரியால் மீசை வைத்தார்கள், மேலுதடெல்லாம் அரித்தது. நீ உள்ளே வந்தாய். மூட்டை தூக்கித் தாழ்ந்த வலத்தோள், இழுபடும் இடக்கால், காதுக்குள் சின்னிவிரல். “பொறு, வருது” என்றாய். சனம் ஓவென்று சிரித்தது. பின்னால், மருதமரத்தோடு ஒட்டிக்கொண்டு உன் அம்மா நின்றா. சேலைத்தலைப்பை வாய்க்குள் அடைத்திருந்தா. பிறகு அதை எடுத்துவிட்டுச் சிரித்தா. முன்வரிசைச் சனம் மேடையை விட்டுவிட்டுத் திரும்பி அவாவைப் பார்த்தது.

நீயும் கண்டாய். நானும் கண்டேன்.

கடைசிக் காட்சி. இங்கேதான் என் புகழ்பெற்ற கதை தொடங்குகிறது, கவனமாகக் கேள். நீ எழும்பி, இழுத்து இழுத்து நடந்துவந்து, சைக்கிள் ஆசனத்தில் ஏறி இருந்து, கையை றேடியோப் பக்கம் நீட்டினாய். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நீட்டிய கை நீட்டியபடி. ஒரு குழந்தை இருமியது. தலைவர் கதிரையின் நுனிக்கு வந்தார். நீ தடுமாறினாய். வசனம் தொண்டைக்குள் தடக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் நீயே றேடியோவாகிவிட்டாய்: கீச்சிட்டாய், இரைந்தாய், பூனைபோலச் சீனம் கதைத்தாய், துருக்கிக்குப் போனாய், அங்கிருந்து அரபுக்கு வந்தாய், ‘இல்ல, துருக்கி’ என்று உன்னோடு நீயே சண்டை பிடித்தாய். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? அந்த நேரம் பார்த்து, ஆபத்பாந்தவனாகிய நான் பாய்ந்து வந்து உன்னை இறக்கிவிட்டு, ஏறி மிதித்தேன். உண்மையான றேடியோ உயிர்பெற்று இரைந்தது. திரை. கைதட்டல். நாடகம் பிழைத்தது.

இவ்வளவுதான். சொல்லும்போது இன்னும் கொஞ்சம் நீளும்.

திரைக்குப் பின்னால் தலைவர் நெருப்பாக வந்தார். “என்னடா முடிவு அது? ஆர் மறந்தது?”

நான் வாய் திறக்குமுன் நீ சொன்னாய். “நான்தான் ஐயா. இவன் வந்து மிதிச்சிருக்காட்டி அம்போதான்.”

அவர் என் முதுகில் தட்டினார். இரண்டு வருஷத்தில் அவர் கை என் மேல் அன்பாகப் பட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் ஸ்கந்தபுரத்தில் அதே நாடகத்தைப் போடக் கேட்டார்கள். “மறதிக்காரனை வெளியூருக்குக் கொண்டு போகேலாது” என்று தலைவர் அப்பாவின் பாத்திரத்தைத் தானே எடுத்துக்கொண்டார். இரண்டு தோளும் நேராக, பேனைகளோடு. நீ திரைக்கயிறு இழுத்தாய். உன் அம்மா அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தா. நீ நடிக்கவில்லை என்பதை அவாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தலைவர் “பொறுமை காப்பாய் மகனே, வருகிறது” என்று தூயதமிழில் சொன்னதோடு எழும்பிப் போய்விட்டா. நீ பார்த்துக்கொண்டு நின்றாய். திரும்பி வரும் வழியில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

“இண்டைக்கு நான் நல்லாத்தான் நடிச்சனான், என்ன?”

என்னைத்தான் சொன்னாய். உன் பாத்திரத்தில் நின்ற என்னை.

கார்த்திகை மழையோடு மலேரியா வந்தது. ஊரில் பாதிப்பேருக்கு வந்த காய்ச்சல். எனக்கும் வந்தது, போனது. உனக்கு அது மூளைக்கு ஏறியது. நாலாம் நாள் விடிய முடிந்தது. செத்தவீட்டில் சனம் உன்னைப் பற்றிக் கதைக்கத் தேடியபோது நாடகம்தான் கையில் அகப்பட்டது. “மேடையில மறந்து நிண்ட பொடியனல்லோ, பாவம்” என்றார்கள். என்னைப் பார்த்து, “இவன்தானே காப்பாத்தினது” என்றார்கள். நான் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது கால் முளைத்து நடந்தது. நான் சொன்ன கதை ஒரு பாஸும் எடுக்காமல் வவுனியாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி நேற்று.

நான் மிதிக்கிறேன், உன் அப்பா பிடிக்கிறார். ஒன்றும் அகப்படவில்லை, வெறும் இரைச்சல். அவர் திடீரென்று கேட்டார், “எந்த எடத்துல மறந்தான்?”

“கடைசியில மாமா. சொன்னனானே.”

“என்ன சொல்லு? என்ன சொல்லு வராம நின்னான்?”

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். அவர் குமிழைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“முகாம்ல ஒரு ஆளு சொன்னாரு. ஒம்ம மகன் ஒம்ம மாதிரியே நடந்து காட்டினான், ஆனா நடுவுல மறந்துட்டான்னு. நான் ஒண்ணும் குத்தமா நெனக்கல. ஒரு வருசமா பாக்காத ஆளு. மொகமும் கொரலும் எம்புட்டு நாளைக்கு நெனப்பு இருக்கும்? மறக்கத்தான் செய்யும். நான்தான் கிட்ட இல்லாமப் போயிட்டேன்.”

மச்சான், நான் ஊரைக் கலைத்திருக்கிறேன், தலைவரை வெறுங்கதிரைக்கு வணக்கம் வைக்கப் பண்ணியிருக்கிறேன். ஒன்றுக்கும் எனக்கு முகம் சுட்டதில்லை. நேற்றுச் சுட்டது. சொல்லிவிடலாம், ஆனால் இரைச்சலோடு இரைச்சலாகச் சொல்லலாம், பாதி கேட்டால் போதும் என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தேன். றேடியோ அலறியது. நான், “மறந்தது அவனில்லை மாமா, நான்” என்றேன். சரியாக ‘மறந்தது’ என்ற இடத்தில் ரயர் வெடித்து, வைக்கோல் கொட்டி, டைனமோ நின்று, றேடியோ வாயை மூடிக்கொண்டது. மற்றதெல்லாம் முற்றத்தில் தனியாகக் கேட்டது. குசினியில் உன் அம்மாவின் அகப்பைச் சத்தமும் நின்றது.

“நீயா?” என்றார். “ஒனக்கு வாயே ஓயாதேப்பா.”

“அண்டைக்கு ஓய்ஞ்சு போச்சு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு வசனமே இல்லை என்பதை. கையை நீட்டுவதோடு உன் வேலை முடிந்தது, மிச்சம் என்னுடையது என்பதை. நீ அந்தத் தாழ்ந்த தோளோடு ஏறி இருந்து கையை நீட்டியபோது எனக்கு அங்கே நீ தெரியவில்லை, உன் அப்பாதான் தெரிந்தார், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்பதை. நீ என்னைப் பார்த்தாய், காத்திருந்தாய், அது வராது என்று கண்டதும், எனக்கு நேரம் எடுத்துத் தர நீ றேடியோவானாய் என்பதை. ஊரில் குரல் மாற்றுகிறவன் நான் என்றுதான் பேர். அன்றைக்கு ஆறு நாட்டைக் குரலில் கொண்டுவந்தவன் நீ. கடைசியில் நான் பாயவில்லை. நீதான் இறங்கிவந்து, சனத்துக்கு முதுகைக் காட்டி, “மிதியடா கழுதை” என்று பல்லுக்குள்ளால் சொல்லி என்னைப் பிடித்து ஏற்றினாய். பழியையும் நீ எடுத்தாய். இன்னுமொரு குழப்பம் என்றால் எனக்கு மேடையில்லை என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பதில் உன் மேடை போயிற்று. நீ அதை ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை. நானும் தரவில்லை.

உன் அப்பா நிலத்தில் கிடந்த வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, அவன் ஒண்ணையும் மறக்கல.”

“இல்லை மாமா. நீங்கள் காதுக்குள்ள விரல் விடுறதுகூட. எந்த விரல் எண்டதுகூட.”

“எந்த விரலு?”

“சின்னிவிரல்.”

அவர் தன் கையைத் திருப்பி அந்த விரலைப் பார்த்தார். உன் அம்மா குசினி வாசலில் வந்து நின்றா. அவாவிடம் சொல்வதுபோல, “அவன் மறக்கலியாம் புள்ள,” என்றார்.

“எனக்குத் தெரியாதா?” என்றா அவா. என்னை ஒரு பார்வை பார்த்தா. ஏசுவா என்று நினைத்தேன். “வந்து தேத்தண்ணி குடி” என்றா. அது இன்னும் மோசம்.

உன் அப்பா என்னை விடவில்லை. “ஆமா, அப்பிடி என்ன பெரிய வசனம்? எம்புட்டு நீளம்?”

நான் மூன்று விரலைக் காட்டினேன்.

“மூணு பக்கமா?”

“மூண்டு சொல்.”

வந்து பன்னிரண்டு நாளில் அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். வயிற்றில் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மூணு சொல்லு வரலையாம் இவனுக்கு!” சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துவிட்டு, சாக்குக்கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். “சரி, இப்ப சொல்லு. என் புள்ள எழுதுனது. நான் கேக்கணும்.”

உனக்கு ஞாபகம் இருக்கும். ‘நான் மிதிக்கிறன், அப்பா.’ நீங்கள் பிடியுங்கோ, குமிழ் உங்களுடையது என்பதை அப்படித்தான் சொல்லவேண்டும், ஒரு சொல் கூடினாலும் கெட்டுப்போகும் என்று வாய்க்கால் கட்டில் வைத்து என்னைக் கொண்டு இருபது தரம் சொல்லவைத்தாய்.

நிமிர்ந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். அவர் சின்னிவிரலால் காதைச் சுத்தம் செய்துகொண்டு காத்திருந்தார்.

“நான்…” என்றேன்.

அந்த ஒரு சொல் எனக்கு எப்போதும் வரும். மற்ற இரண்டும் நேற்றும் வரவில்லை, மச்சான்.